பளபள என்ன சத்தம்?

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்தில் 'ஆனமட்டொபியா' நடத்தினார்களாம். ஓசையைப் போலச் செய்யும் சொற்களைக் கவிதையில் தேடி அடிக்கோடிட வேண்டும். தமிழில் இது உண்டா என்று கேட்டாள். ஏன் இல்லை, இரட்டைக்கிளவி இருக்கிறதே என்று சலசல, படபட, பளபள என அடுக்கினேன். "பளபள என்ன சத்தம்மா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. நான் போகும் வாசிப்புக் கூட்டத்தில் ஒருவர் கம்பனின் 'பஞ்சியொளிர் விஞ்சுகுளிர்' பாட்டைச் சொல்லி, தமிழின் மிகச் சிறந்த ஒலிக்குறிப்பு இதுதான் என்றார். பாட்டு காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பொருளின் சத்தமும் எனக்கு அதில் கேட்கவில்லை. பாரதியின் தீம்தரிகிட கேட்கிறது. இரண்டும் ஒன்றா? ஒரு கவிதையில் ஒலிக்குறிப்பு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

க., பெரம்பூர்

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் மகளின் கேள்வியை இரண்டு நாள் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இந்த விஷயத்தின் கதவே அந்தக் கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

'பளீரென்று கன்னத்தில் அறைந்தான்' என்கிறோம். 'பளீரென்று மின்னியது' என்றும் சொல்கிறோம். முதலாவது காதுக்கு, இரண்டாவது கண்ணுக்கு. சொல் ஒன்றுதான். 'சுள்ளென்று வெயில்' என்றால் அது தோலுக்கு. நம் சென்னை மே மாதத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டாம். ஆனால் சுள் என்று வெயில் எங்கேயும் சத்தம் போடுவதில்லை. 'தலை விண்விண்ணென்று தெறிக்கிறது' என்கிறோமே, அது வலிக்கு. குறுகுறு, நமநம, வழவழ எல்லாமே இப்படித்தான். தமிழில் ஓசைக்காக ஒரு சொற்கூட்டம் தனியாக ஒதுங்கி நிற்கவில்லை. ஒளி, வலி, வேகம், வழுக்கல் எல்லாவற்றையும் ஓசை போலவே வாயால் நிகழ்த்திக் காட்டுகிற ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. பளபளவும் சலசலவும் அதில் அக்கா தங்கை.

ஆகவே மகளிடம் இப்படிச் சொல்லலாம்: பளபள சத்தம் இல்லை, ஒளி. ஒளிக்குச் சத்தம் இருந்தால் எப்படி இருக்கும் என்று தமிழ் யோசித்துப் பார்த்த சொல் அது.

கிரேக்கத்திலிருந்து வந்த அந்தப் பாடப்புத்தகச் சொல்லுக்குப் 'பெயர் ஆக்குதல்' என்று பொருள். அது ஓசையோடு நின்றுவிடுகிறது. அந்த அளவுகோலை அப்படியே தமிழ்க் கவிதை மேல் வைத்தால் பாதி நழுவிவிடும். இது தமிழுக்கு மட்டும் உரியதும் அல்ல. ஜப்பானிய மொழியில் ஓசையைக் காட்டும் சொற்களுக்கு ஒரு பெயரும், ஓசையில்லாத நிலையைக் காட்டும் சொற்களுக்கு வேறொரு பெயரும் உண்டு. திராவிட மொழிகளை ஆராய்ந்த எமனோ என்ற அறிஞர் 1969-இல் எழுதிய கட்டுரையில், இரட்டித்து வரும் இவ்வகைச் சொற்கள் மொழிக்குடும்ப எல்லைகளைத் தாண்டி இந்தியா முழுவதிலும் பரவிக் கிடப்பதை எடுத்துக் காட்டினார்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? தொல்காப்பியம் மிக எளிதான ஒரு வழி வைத்திருக்கிறது. இடையியலில் 'என' என்ற சிறு சொல்லுக்கு இலக்கணம் சொல்லும் இடம்:

வினையே குறிப்பே இசையே பண்பே
எண்ணே பெயரோடு...

'என' ஆறு இடங்களில் வரும் என்கிறது நூற்பா. நமக்கு வேண்டியவை நடுவில் உள்ள மூன்று. உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். இசைக்கு 'ஒல்லென ஒலித்தது'. குறிப்புக்கு 'விண்ணென விசைத்தது'. பண்புக்கு 'வெள்ளென விளர்த்தது'. காதால் கேட்பதையும், உடம்பால் உணர்வதையும், கண்ணால் பார்ப்பதையும் ஒரே நூற்பா பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது. உங்கள் மகள் கேட்டதற்கான பதில் அங்கேயே இருக்கிறது.

கவிதையில் 'என', 'என்று', 'என்ற' வந்தால் அதற்கு முன்னால் உள்ள சொல்லைப் பிடித்துப் பாருங்கள். அந்தச் சொல்லைத் தனியே எடுத்து ஒருவரிடம் 'ஒல் எங்கே?', 'விண் எவ்வளவு?' என்று கேட்க முடியாது. 'என'வின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அது நடக்கும். 'அழுக்காறு என ஒரு பாவி' என்று குறளில் வருகிறது. அங்கே அழுக்காறு தனியாக நிற்கும் பெயர், ஆகவே அது நாம் தேடுவது அல்ல. இரட்டைக்கிளவியும் இதே சோதனைக்கு உட்பட்டதுதான். 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்று தொல்காப்பியம் சொல்வதன் பொருள், சலசலவைப் பிரித்து 'சல' என்று தனியே பயன்படுத்த முடியாது என்பது.

நாம் தெருவில் பேசும் தமிழிலும் இந்த 'என' உயிரோடு இருக்கிறது. 'என்று' தேய்ந்து 'னு' ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். டக்குனு வா. ஜிவ்வுனு ஏறுது. சொய்ங்னு போயிட்டான். கம்முனு இரு. இந்தக் கடைசிச் சொல்லுக்கு அப்புறம் வருகிறேன்.

இரண்டாவது அடையாளம் எழுத்தில் இருக்கிறது. தமிழ்ச் சொல் 'ட'வில் தொடங்காது. ர, ல, ள, ழ போன்றவற்றிலும் தொடங்காது. பள்ளியில் மொழிமுதல் எழுத்து என்று படித்திருப்பீர்கள். இப்போது டமால், டும்டும், லொடலொட, ரொய்ங் என்று சொல்லிப் பாருங்கள். எல்லாமே விதியை உடைத்துக்கொண்டு வருகின்றன. வீட்டில் எல்லோரும் வாசல் வழியாக வரும்போது குழந்தை மட்டும் ஜன்னல் வழியாகக் குதித்து வருவது போல. சங்கக் கவிதைகள் இந்த விஷயத்தில் கட்டுப்பாடாக இருந்தன. அவற்றின் ஓசைச் சொற்கள் ஒல், கல், இழும் என்று விதிக்குள்ளேயே நிற்கும். பின்னால் வந்தவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆகவே தமிழ்ச் சொல்லுக்குரிய முகம் இல்லாத ஒரு சொல் கவிதையில் எதிர்ப்பட்டால், நின்று காது கொடுங்கள்.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்ட பாரதிக்கு வருவோம். 'மழை' பாட்டில் சில வரிகள்:

கொட்டி யிடிக்குது மேகம் - கூ
கூவென்று விண்ணைக் குடையுது காற்று
சட்டச்சட சட்டச்சட டட்டா - என்று
தாளங்கள் கொட்டிக் கனைக்குது வானம்

கூகூ, அதன் பின்னால் 'என்று'. சட்டச்சட, அதன் பின்னாலும் 'என்று'. நடுவில் 'டட்டா', விதியை உடைத்த சொல். இவை மூன்றும் ஐயத்துக்கு இடமில்லாத ஒலிக்குறிப்புகள். 'கனைக்குது' அப்படி அல்ல. அது ஓசையின் பெயர். ஓசையைக் குறிக்கும் சொற்களுக்கு நன்னூல் ஒரு பட்டியலே தருகிறது. முழக்கு, இரட்டு, துவை, பிளிறு, இமிழ், குளிறு, அதிர் என்று போகும் அந்த வரிசையில் 'கனை'யும் உண்டு. குதிரை கனைப்பது நாம் அறிந்தது. பாரதி வானத்தைக் குதிரையாக்கிவிட்டான். ஓசையைச் சொல்வது வேறு, ஓசையைச் செய்வது வேறு. இந்த நான்கு வரிக்குள் இரண்டும் இருக்கின்றன.

அதே பாட்டில் 'பாயுது பாயுது பாயுது' என்று வருகிறது. அது அடுக்குத்தொடர், ஒவ்வொரு 'பாயுது'வும் தனியே பொருள் தரும். ஆனாலும் மூன்று முறை சொல்லும்போது வெள்ளம் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு வருவது தெரிகிறது அல்லவா? பெயர் வேறு, வேலை ஒன்று. தேர்வுத் தாளில் பெயருக்கு மதிப்பெண் தருவார்கள். கவிதையில் எனக்கு வேலைதான் முக்கியம்.

தீம்தரிகிட? அது மிருதங்கக்காரர்களும் நாட்டியக்காரர்களும் வாயால் சொல்லும் சொற்கட்டு. தோலின் ஓசையை மனித வாய் ஏற்கெனவே மொழியாக்கிவிட்டது. பாரதி அதை எடுத்து இடிக்கும் மழைக்கும் கொடுக்கிறான். மேகத்திலிருந்து நேராக வந்த ஓசை இல்லை அது, மத்தளத்தின் வழியாக வந்தது. அதனால்தான் அந்த மழை அச்சமூட்டாமல் ஆட வைக்கிறது. சத்தத்தை மட்டும் பிடிப்பதானால் 'டமடம' போதும். தாளம் தெரிந்த சத்தம் வேண்டும் என்று பாரதி முடிவு செய்திருக்கிறான். வடசென்னைக்காரரான உங்களுக்கு 'டண்டணக்கா' என்று ஒருவர் வாயால் சொன்னாலே உடம்பு அசையும். அதே வழிதான்.

இவ்வகையில் என்னை மிகவும் கிறங்க வைப்பது அருணகிரிநாதரின் ஆந்தை. 'முத்தைத்தரு' திருப்புகழை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். போர்க்களத்தில் கிழட்டுக் கூகை ஒன்று கத்துகிறது:

குக்குக்குகு குக்குக் குகுகுகு
குத்திப்புதை புக்குப் பிடியென முதுகூகை

முதல் வரியில் கூகையின் குரல் மட்டும்தான். அடுத்த வரியில் அதே குரல், அதே கு, அதே இரட்டிப்பு. ஆனால் அது எப்போதோ தமிழாகிவிட்டது! குத்து, புதை, உள்ளே புகு, பிடி. எங்கே கத்தல் முடிந்து எங்கே சொல் தொடங்கியது என்று காது பிடிப்பதற்குள் 'என' வந்து முடித்துவிடுகிறது. பல வருடம் பாடலாகக் கேட்டும் எனக்கு இது பிடிபடவில்லை. ஒருநாள் புத்தகத்தை வைத்துக்கொண்டு மெதுவாக, ராகம் இல்லாமல், வாய்விட்டுப் படித்தபோதுதான் கூகை பேசியது. இதை உங்கள் மகளுக்குக் கண்டிப்பாகப் படித்துக் காட்டுங்கள்.

கம்பனுக்கு வருகிறேன். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. சூர்ப்பணகை அழகியாக உருமாறி வரும் பாட்டு இது:

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்க
செஞ்செவிய கஞ்சநிமிர் சீறடியள் ஆகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்

இதில் 'என' நான்கு முறை வருகிறது. முன்னால் இருப்பவை மயில், அன்னம், வஞ்சிக்கொடி, நஞ்சு. நான்கும் தனியே நிற்கும் பெயர்கள். ஆகவே இது உவமை. ஒலிக்குறிப்பு ஒன்றுகூட இல்லை. இங்கே நடப்பது ஓசைநயம். அதற்குத் தமிழில் தனியாகவே கணக்கு உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்கள், அதாவது செய்யுளின் ஓசை வகைகள், சொல்கிறது. வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம், இடையெழுத்து மிகுந்தால் இயைபு வண்ணம் என்று போகும். ஞ்ச, ஞ்ச என்று கம்பன் செய்வது சூர்ப்பணகையின் நடை. நடையின் சத்தம் அல்ல, நடையின் ஒயில்.

இந்தப் பாட்டை வைத்துச் சிலர் 'ஞ்ச என்றாலே மென்மை' என்று எழுத்துக்கே ஒரு குணம் கட்டிவிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கம்பனே ஏற்கவில்லை. பஞ்சியில் மென்மையாக இருந்த அதே ஞ்ச, கடைசி வரியில் நஞ்சமாகவும் வஞ்சமாகவும் வந்து நிற்கிறது. ஓசை மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. நாம் ரசித்துக்கொண்டே வந்த ஓசைக்குள்தான் நஞ்சு இருந்தது என்று தெரியும் இடத்தில் பாட்டு முடிகிறது. எழுத்து தானாக எதையும் சொல்வதில்லை. பொருள் வந்து தொட்டபிறகுதான் அது மென்மையோ விஷமோ ஆகிறது. கூட்டத்தில் அந்த நண்பரைப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள். அவர் பாட்டைத் தேர்ந்தெடுத்தது சரி, வைத்த பெயர்தான் தவறு.

இதே ஓசைநயமும் ஒலிக்குறிப்பும் கைகோத்து நிற்கும் இடம் ஒன்று சொல்லட்டுமா? திருமுருகாற்றுப்படையின் முடிவில் அருவி இறங்குகிறது. 'இழுமென இழிதரும் அருவி.' இழும் என்பது ஓசை, இழிதரும் என்பது செயல். இரண்டிலும் அதே 'இழு', 'இழி'. ழ-வில் நாக்கு மடங்கித் தண்ணீர் வழுக்குகிறது, ம்-இல் உதடு மூடி அது கீழே சேர்கிறது. இந்தச் சொல் அங்கே நின்றுவிடவில்லை. தொல்காப்பியம் ஒருவகைச் செய்யுளுக்கு இலக்கணம் சொல்லும்போது 'இழுமென் மொழியால் விழுமியது நுவலினும்' என்கிறது. அருவிக்குச் சொன்ன அதே சொல்லால் நல்ல மொழிநடைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இறங்குவது போலப் பேசு என்று.

'கம்முனு இரு'வுக்கு வருவதாகச் சொன்னேன். சென்னையில் தினமும் யாராவது யாரையாவது கம்முனு இருக்கச் சொல்கிறார்கள். நற்றிணையில் 154-ஆம் பாட்டு இப்படித் தொடங்குகிறது: 'கானமும் கம்மென்றன்றே.' காடும் கம்மென்று ஆகிவிட்டது. அதே சொல், அதே பொருள். இதை முதலில் படித்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். கொச்சை என்று நாம் ஒதுக்கிய சொல் காட்டின் அமைதிக்குச் சங்கப் புலவர் தேர்ந்தெடுத்த சொல். சொல்லிப் பாருங்கள்: கம். உதடு மூடிவிடுகிறது. பேச்சு நிற்பதை வாயே செய்து காட்டுகிறது.

அமைதிக்கு ஓசைச் சொல்! இதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்பினேன். குறுந்தொகையில் ஆறாவது பாட்டு, பதுமனார் பாடியது:

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள்

'நள்' எந்தச் சத்தம்? எல்லோரும் பேச்சு அடங்கித் தூங்கியபின், தூங்காத ஒருத்திக்கு மட்டும் கேட்கும் நள்ளிரவின் சத்தம். உரையில் 'நள்ளென்னும் ஓசை' என்று படித்திருந்தாலும் அது என்ன ஓசை என்று எனக்கு விளங்காமல்தான் இருந்தது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தது. அன்று இரவு எங்கள் மந்தைவெளித் தெருவில் மின்சாரம் இல்லை. விழுந்த மரங்களால் வண்டிகளும் இல்லை. ஃபேன் ஓடவில்லை, ஃப்ரிட்ஜ் முனகவில்லை. நாள் முழுக்கக் காற்றின் ஊளையைக் கேட்ட காதுக்கு, அப்புறம் ஒன்றுமில்லை. நடு இரவில் படுத்திருந்தபோது அந்த ஒன்றுமில்லாததுக்கு ஒரு சத்தம் இருந்தது. மெல்லிய, அறுபடாத, எங்கிருந்து என்று சொல்ல முடியாத ஒரு ரீங்காரம். காதுக்குள்ளிருந்தா வெளியிலிருந்தா என்றுகூடத் தெரியவில்லை. நள் என்று சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது பாருங்கள், ள்-ஐ இழுத்துக்கொண்டே போகலாம். கம் வெட்டி நிறுத்துகிறது, நள் நீண்டுகொண்டே இருக்கிறது. காடு அடங்கியது ஒரு கணத்தில். அவளுக்கு இரவு முடியவே இல்லை. இரண்டு புலவர்களும் சொல்லை எவ்வளவு காது கொடுத்து எடுத்திருக்கிறார்கள்!

சொல்லே வைக்காமல் விட்ட ஒருவரும் உண்டு. குறுந்தொகை 138, கொல்லன் அழிசி பாடியது. ஊர் தூங்கினாலும் நாங்கள் தூங்கவில்லை என்கிறாள் தோழி. பக்கத்தில் மயிலடி போன்ற இலை கொண்ட நொச்சி. அதன்

அணிமிகு மென்கொம்பு ஊழ்த்த
மணிமருள் பூவின் பாடுநனி கேட்டே

கிளை உதிர்த்த பூ விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். 'பாடு' என்றால் ஓசை, அவ்வளவுதான். பொத்தென்றும் இல்லை, சொத்தென்றும் இல்லை. நொச்சிப் பூ எவ்வளவு சிறியது என்று தெரிந்தவர்களுக்குப் புரியும், எந்த ஓசைச் சொல்லை வைத்தாலும் அது பூவைவிடக் கனத்துவிடும். அதனால் ம, ண, ந, ன என்று வரியை மட்டும் மெத்தென்று விரித்து வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். பெயரைப் பார்த்தால் சம்மட்டிச் சத்தத்தில் வாழ்ந்தவராக இருக்க வேண்டும். அந்தக் காதுக்குப் பூ விழுவது கேட்டிருக்கிறது. ஒலிக்குறிப்பை அடையாளம் காணப் பழகியவர், அது வேண்டாம் என்று கவிஞர் விட்ட இடத்தையும் அடையாளம் காண வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இந்தப் பாட்டால்தான்.

மகளுக்கு வீட்டுப்பாடம் போதவில்லை என்றால் நான் ஒன்று தருகிறேன். பெரம்பூரில் இரவில் ரயில் பெட்டிகளைக் கோக்கும் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒருநாள் பத்து மணிக்குமேல் மொட்டைமாடிக்குப் போய், கேட்பதையெல்லாம் அவள் தன் சொல்லில் எழுதட்டும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு 'என்று' போட்டு. பாடப்புத்தகத்தில் உள்ள சொல்லாக இருக்க வேண்டியதில்லை. ட-விலோ ர-விலோ தொடங்கினால் திருத்தாதீர்கள். சத்தம் ஓய்ந்தபின் என்ன கேட்டது என்பதற்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பேன்.